ஓலைக்கேற்ற எழுத்தாணி

டேப்லெட்டில் தமிழ் எழுத ஒரு பேனா வாங்குவது சின்ன விஷயம்தான். ஆனால் பொருந்தாத பேனாவை வாங்கிவிட்டால் முதலில் காணாமல் போவது புள்ளி.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், ஹனூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது மார்டள்ளி. பெயரைக் கேட்டால் கன்னட ஊர். தெருவில் காதில் விழுவதோ பெரும்பாலும் தமிழ். இதில் வியப்பு ஏதுமில்லை. 1956 வரை கொள்ளேகாலம் தாலுகா சென்னை ராஜ்யத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது அது மைசூர் ராஜ்யத்துக்குப் போய் மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997ல் அந்த மாவட்டமும் பிரிக்கப்பட்டு சாமராஜநகர் பிறந்தது. வரைபடம் மாறிக்கொண்டே இருந்தது. வீட்டுப் பேச்சு மாறவில்லை.

எழுத்தின் கதை வேறு. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் கன்னடம். கர்நாடகத்தில் எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாலும் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாவது மொழியாகவோ படித்தாக வேண்டும் என்று 2015ம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. நியாயமான சட்டம்தான். வாழ்கிற மண்ணின் மொழியைப் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் கன்னடம், ஆங்கிலம், இந்தி என்று பள்ளிக்கூடத்தின் நேரம் முடிந்துபோன பிறகு தமிழ் எழுத்துக்கு மிஞ்சுவது வீட்டுத் திண்ணைதான். தாராவியிலும் கரோல்பாகிலும் பெங்களூரின் அல்சூரிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே நிலைமை. பள்ளிக்கூடம் சொல்லித்தராத எழுத்தை அம்மாவோ பாட்டியோதான் சொல்லித்தர வேண்டும்.

அந்த வீடுகளுக்குள் இப்போது டேப்லெட் வந்துவிட்டது. 2020ல் கொரோனா ஊரடங்கு வகுப்புகளைத் திரைக்கு மாற்றியபோது, கடன்பட்டாவது ஒன்றை வாங்கியவர்கள் பலர். ஊரடங்கு போன பிறகும் கருவி வீட்டில் தங்கிவிட்டது. தமிழ் கீபோர்டில் தட்டெழுதப் பழகாத பாட்டிக்குக் கையால் எழுதுவது சுலபம். பேத்திக்கோ எழுத்து கையில் ஏற வேண்டும். பொத்தானைத் தொட்டு ‘ழ’வை வரவழைக்கும் குழந்தைக்கு அந்த எழுத்து எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று தெரியாமலே போய்விடும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பேனா வாங்கலாமே என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது. கடைக்காரர் அதை ஸ்டைலஸ் என்பார்.

கடைகளில் அதிகம் தொங்குவது கறுப்பு ரப்பர் முனை வைத்த பேனா. விலை நூறு, நூற்றைம்பது ரூபாய். ‘எல்லா டேப்லெட்டுக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். அது பொய்யல்ல. வீட்டுக்குக் கொண்டுவந்து ‘அம்மா’ என்று எழுதினால் ‘அ’ வருகிறது, ‘ம’ வருகிறது. புள்ளி வைத்தால் வருவதில்லை. லேசாகத் தொட்டால் திரை கண்டுகொள்வதில்லை. அழுத்தித் தொட்டால் மிளகு அளவுக்கு ஒரு கறை, அதுவும் எழுத்தின் மேலேயே விழுகிறது. குழந்தை எழுத்துக் கூட்டி ‘அமமா’ என்று படிக்கிறது.

பழைய தொல்லை

தமிழுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. ஆனால் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. இரும்பு எழுத்தாணியால் குத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சுவடியில் துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும்கூட வித்தியாசம் தெரியாது. ஆகவே ஒரே வடிவத்தை ‘கா’ என்றும் படிக்கலாம், ‘கர’ என்றும் படிக்கலாம், ‘கர்’ என்றும் படிக்கலாம். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் பழைய இலக்கணப்படி புள்ளி உண்டு. அதுவும் ஓலையில் விழவில்லை. ‘எ’யா ‘ஏ’யா என்று படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இத்தாலியிலிருந்து 18ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த பாதிரியார் பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், புள்ளியை நம்பாமல் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார் என்பது மொழி வரலாற்றில் பதிவான செய்தி. இன்று நாம் எழுதும் ‘கே’யின் இரட்டைச் சுழிக் கொம்பு அப்படி வந்ததுதான்.

கருவி எப்படியோ எழுத்தும் அப்படி. நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் எழுத்தாணியில் வகைகள் வைத்திருந்தார்கள். குண்டெழுத்தாணிக்குக் கொண்டை கனம், கூர் குறைவு. எழுதப் பழகுகிறவர் கையில் முதலில் கொடுப்பது அதைத்தான். வாரெழுத்தாணி நீளமானது, கூரானது. தேர்ந்த கைக்கு அது. மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை நறுக்கும் கத்தி. பயணம் போகிறவர் மடக்கி உறையில் போட்டுக்கொள்ளலாம். ஓலையும் பனை ஓலை, தாளிப்பனை ஓலை என்று ஒன்றுக்கொன்று வேறு. எந்த ஓலை, எந்தக் கை என்று பார்த்த பிறகே எழுத்தாணியை எடுத்தார்கள்.

இந்த ஜோடிப் பொருத்தம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு மைசூரிலேயே சாட்சி இருக்கிறது. 1891ல் தொடங்கப்பட்ட அங்குள்ள கீழ்த்திசை நூலகத்துக்கு, தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த பண்டிதர் ஒருவர் 1905ல் ஒரு சுவடியைக் கொடுத்தார். கிரந்த எழுத்தில் பனையோலையில் கீறப்பட்டிருந்த அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டுகொண்டார் நூலகர் ஆர்.சாம சாஸ்திரி. 1909ல் அதை அச்சிட்டார். அதுவரை பெயரளவில் மட்டுமே தெரிந்திருந்த நூல் ஓர் எழுத்தாணியின் தயவால் உலகத்துக்குக் கிடைத்தது.

நான்கு வகைப் பொருத்தம்

இன்றைய ஓலை கண்ணாடித் திரை. அதிலும் வகைகள் உண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

முதல் வகை, அழுத்தத்தை உணரும் திரை. இரண்டு மெல்லிய படலங்கள், நடுவே மயிரிழை இடைவெளி. அழுத்தினால் ஒன்றையொன்று தொடும். தொட்ட இடத்தைக் கருவி கணக்கிட்டுக்கொள்ளும். இதற்கு எந்தக் குச்சியும் போதும், நகம்கூடப் போதும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து கிராமத்து மக்களுக்காக உருவாக்கிய சிம்ப்யூட்டர் கையடக்கக் கருவி, குச்சியால் தொட்டு இயக்குவதாகத்தான் வந்தது. 2001ல் மாதிரியைக் காட்டினார்கள், 2004ல் சந்தைக்கு வந்தது, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மாணவர்களுக்கான மலிவு விலைக் கருவி என்று 2011 அக்டோபரில் தில்லியில் அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட முதல் ஆகாஷ் டேப்லெட்டும் இதே அழுத்துத் திரைதான். விரலால் தடவிப் பார்த்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். 2012 நவம்பரில் வந்த அடுத்த ஆகாஷில் திரை மாறிவிட்டது.

மாறி வந்தது இரண்டாவது வகை, கபாசிடிவ் திரை. இன்று விற்கும் ஏறத்தாழ எல்லா டேப்லெட்டிலும் இதுதான். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திகளின் வலை ஒன்று இருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தக்கூடிய விரல் நெருங்கினால் அந்த இடத்தின் மின்தேக்கம் மாறுகிறது. திரை கவனிப்பது அந்த மாற்றத்தை மட்டுமே. அழுத்தம் அதற்குத் தெரியாது. பால்பாயின்ட் பேனாவின் மூடியால் எவ்வளவு அழுத்தினாலும் அது அசைவதில்லை. விரலின் அகலத்துக்கு ஒன்று வந்தால்தான் அதற்கு உறைக்கும். கூர்மையான முனை தரும் மாற்றம் மிகச் சிறிது. கருவி அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். ரப்பர் பேனாவின் முனை சுண்டுவிரல் நுனி போலத் தடித்திருப்பதன் ரகசியம் இதுதான். அது பேனா வேஷம் போட்ட விரல். புள்ளி வைக்க முடியாததும் அதனால்தான்.

மூன்றாவது வகை, கபாசிடிவ் திரையோடு பேசத் தெரிந்த பேனா. பேனாவுக்குள் பாட்டரியும் சிறு மின்சுற்றும் இருக்கும். அது தானே சமிக்ஞை அனுப்பும், திரை அதை வாங்கிக்கொள்ளும். ஆகவே முனை மெலிதாக இருக்கலாம். தொடுவது பேனாவா, உள்ளங்கையா என்று திரைக்குத் தெரியும் என்பதால் கையை வசதியாக ஊன்றி எழுதலாம். இதில் ஒரே ஒரு நிபந்தனை. பேனாவும் திரையும் ஒரே பாஷை பேச வேண்டும். ஆப்பிளின் பென்சில் ஆப்பிள் கருவியோடு மட்டும்தான் பேசும். மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு பாஷை வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாஷை வேண்டும் என்று 2015ல் ஒரு கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. யூ.எஸ்.ஐ. என்ற அதன் முத்திரையைச் சில கருவிகளில் மட்டுமே பார்க்கலாம்.

நான்காவது, ஜப்பானின் வேகம் நிறுவனம் பெயர் வாங்கிய முறை. திரைக்குப் பின்னால் இன்னொரு தகடு காந்தப் புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அந்தப் புலத்திலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு பதில் சொல்லும். எழுதுவதற்குப் பாட்டரியே தேவையில்லை. சாம்சங் 2011ல் தன் நோட் போனோடு கொடுத்த எஸ் பென் இந்த ஜாதி. பின்னால் தகடு இல்லாத டேப்லெட்டில் இந்தப் பேனா வெறும் குச்சி.

2007ல் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது, பத்து விரல் இருக்கையில் குச்சி எதற்கு என்ற தோரணையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஸ்டைலஸைக் கேலி செய்தார். அவர் மறைந்து நான்கு வருடம் கழித்து, 2015ல், அதே நிறுவனம் பென்சில் விற்க ஆரம்பித்தது. தொடுவதற்கு விரல் போதும், எழுதுவதற்கு முனை வேண்டும் என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் டேப்லெட்டைப் பாருங்கள்

ஆகவே பேனா வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கையில் இருக்கும் டேப்லெட்டை. அதன் சரியான மாடல் பெயர் செட்டிங்ஸில் கடைசியாக இருக்கும் ‘இந்தக் கருவியைப் பற்றி’ என்ற பகுதியில் கிடைக்கும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் பாதி ஏமாற்றம் தவிரும். அந்த மாடலுக்குப் பேனா உண்டா, எந்தப் பேனா என்பதைத் தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். பேனா உண்டு என்றால் அதையோ, அதே பாஷை பேசும் வேறு நிறுவனத்துப் பேனாவையோ வாங்கலாம். சாம்சங்கின் சில மாடல்களில் பேனா பெட்டியிலேயே இருக்கும்.

ஐபேட் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பென்சில் என்ற ஒரே பெயரில் பல பேனாக்கள் இருக்கின்றன. 2015ல் வந்த முதல் பென்சில், 2018ல் வந்த ஐபேட் ப்ரோவோடு சேராது. 2023ல் வந்த யூ.எஸ்.பி.-சி பென்சிலுக்கு அழுத்தத்தை உணரத் தெரியாது. ஓவியருக்கு இது பெரிய குறை. கணக்கு நோட்டும் தமிழும் எழுதுகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. பத்தாயிரத்தைத் தாண்டும் பென்சிலுக்குப் பதிலாக, 2018க்குப் பிந்தைய ஐபேட்களுக்கென்று பிற நிறுவனங்கள் செய்யும் பேனாக்கள் அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கின்றன. அழுத்த உணர்வு இராது. கையை ஊன்றி எழுதலாம், புள்ளி விழும். பாட்டிக்கும் பேத்திக்கும் வேண்டியது இவ்வளவே.

வீட்டிலிருக்கும் டேப்லெட் பேனாவே தெரியாத மலிவு மாடல் என்றால்? அப்போதும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முனையில் ஒளி ஊடுருவும் சிறு வட்டத் தகடு வைத்த பேனா. தகடு விரலின் அகலத்தைத் திரைக்குக் காட்டும். அதன் நடுவே இருக்கும் முனை எங்கே படுகிறது என்று எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரியும். ரப்பரைவிட எவ்வளவோ மேல். மற்றொன்று, பாட்டரி வைத்த மெல்லிய முனைப் பேனா. இது திரைக்கு ஒரு விரல் போலவே நடித்துக் காட்டும். இதில் முனை சிறிது, ஆனால் உள்ளங்கை திரையில் பட்டால் கோடு எங்கெங்கோ ஓடும். கையைத் தூக்கியே எழுத வேண்டும். சுண்டுவிரலையும் அதை ஒட்டிய உள்ளங்கையையும் மூடும் கையுறை ஒன்று விற்கிறார்கள். சுத்தமான, உலர்ந்த, கொஞ்சம் தடித்த துணியை மடித்துக் கைக்கு அடியில் வைத்தாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தையின் முதல் ‘அ’வுக்கு டேப்லெட் வாங்க வேண்டாம். சிலேட்டும் பலப்பமும் இன்றும் கிடைக்கின்றன. பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகியவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. டேப்லெட் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது, குழந்தை எப்படியும் அதை விடப்போவதில்லை என்னும்போதுதான் பேனாவைப் பற்றிய பேச்சு.

கடையிலேயே எழுதிப் பாருங்கள்

பேனாவைச் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். சொந்த டேப்லெட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கடையிலுள்ள வேறு மாடலில் எழுதிப் பார்ப்பது பெண் பார்க்கப் போய் பக்கத்து வீட்டில் காபி குடித்துவிட்டு வருவது மாதிரி.

முதலில், ஒரு ஸ்கேலை வைத்துக் குறுக்காக, சாய்வாக, மிக மெதுவாக ஒரு கோடு. வேகமாக இழுத்தால் எல்லாப் பேனாவும் நேராகத்தான் போகும். மெதுவாக இழுக்கும்போது கோடு பாம்பு மாதிரி நெளிந்தால் அந்தப் பேனா வேண்டாம். எழுதப் பழகும் குழந்தை மெதுவாகத்தான் எழுதும்.

இரண்டாவது, புள்ளி. ‘ம்’ என்ற எழுத்தைப் பத்து முறை, வழக்கமாகப் புள்ளி வைக்கும் லேசான தொடுதலோடு. பத்துப் புள்ளியும் விழுந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘ஃ’ எழுதிப் பார்த்தால் மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

மூன்றாவது, சுழி. ‘கண்ணன்’ என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதும் அளவுக்குச் சின்னதாக எழுத வேண்டும். ரெண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் கலங்காமல் தெரிந்தால் முனை போதுமான அளவு மெலிது. ஆங்கில எழுத்தை மட்டும் எழுதிப் பார்த்து வாங்குகிறவர்கள் தவறவிடும் சோதனை இது. ரோமன் எழுத்தில் இத்தனை சுழி கிடையாது.

நான்காவது, கையை ஊன்றிக்கொண்டு நான்கு வரி. உள்ளங்கைக்கு அடியில் கோடு விழக்கூடாது, பக்கம் நகரக்கூடாது. இடது கைக்காரர்கள் இதை மறக்காமல் செய்து பார்க்க வேண்டும். எழுதிய வரியின் மேலேயே அவர்கள் கை நகரும்.

ஐந்தாவது, பிடி. வயதானவர்களுக்கு மெல்லிய வழவழப்பான பேனா விரலில் நழுவும். சற்றுப் பருத்த பேனாவோ, மேலே மாட்டும் ரப்பர் உறையோ உதவும். குண்டெழுத்தாணியின் கனத்த கொண்டை இந்தப் பிரச்னையை எப்போதோ தீர்த்துவிட்டது.

வாங்கிய பிறகு பராமரிப்பு அதிகமில்லை. முனை தேயும் பொருள். மாற்று முனை கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். கண்ணாடியில் பேனா வழுக்குகிறது என்றால் சொரசொரப்பான ஒட்டுப்படலம் ஒட்டலாம். தாளில் எழுதும் உணர்வு வரும், முனை சீக்கிரம் தேயும். மண் துகள் ஒட்டிய திரையில் எழுதினால் கீறல் விழும். பருத்தித் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். பாட்டரிப் பேனாவை மாதக்கணக்கில் சார்ஜ் செய்யாமல் டிராயரில் போட்டுவைத்தால் பாட்டரி பழுதாகக்கூடும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பேனா தொலைவதுதான். பேனாவைச் செருகும் வளையமுள்ள ஓர் உறை அதற்கு மருந்து.

திரை தமிழ் படிக்குமா?

எழுதியதைப் படமாகவே வைத்திருக்கலாம், அச்செழுத்தாகவும் மாற்றலாம். இரண்டாவது வேலையைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்க நிறையக் கைகள் எழுத வேண்டியிருந்தது. அதில் பெங்களூருக்கும் சேலத்துக்கும் பங்குண்டு. பெங்களூரில் இயங்கிய ஹெச்.பி. ஆய்வுக்கூடம், இந்த இரண்டு ஊர்களையும் சேர்ந்த தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள் என்று பலரை டேப்லெட் கம்ப்யூட்டரில் எழுதவைத்து ஒரு தொகுப்பைத் திரட்டியது. தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியாக எழுதச் சொல்லவில்லை. கொம்பும் காலும் தனியே நிற்பவை என்பதால் 156 வடிவங்களைக் கொண்டே எல்லாவற்றையும் கூட்டிவிடலாம் என்று கண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 500 மாதிரிகள். இந்தத் தொகுப்பை வைத்து 2006ல் தமிழ்க் கையெழுத்தை அறியும் கம்ப்யூட்டர் முறைகளுக்குச் சர்வதேசப் போட்டியே நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி.ராமகிருஷ்ணனின் குழுவும் இதே துறையில் நெடுங்காலம் உழைத்தது.

2015ல் கூகுள் வெளியிட்ட கையெழுத்துச் செயலி 82 மொழிகளைப் படித்தது. அதில் தமிழும் உண்டு. ஆண்ட்ராய்ட் கருவிகளில் அந்த வசதி இப்போது ஜிபோர்டு என்ற கீபோர்டில் இருக்கிறது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்கும்போது ‘கையெழுத்து’ வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும், எழுத எழுத அச்செழுத்து வரும்.

பெரியவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்து 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கு முன் படித்தவர்கள் ‘லை’க்கும் ‘னை’க்கும் யானைத் துதிக்கை போலச் சுருண்ட கொம்பு போடுவார்கள், ‘றா’வையும் ‘னா’வையும் கீழே சுழித்துவிடுவார்கள். அச்செழுத்தாக மாற்றும் செயலி அந்தப் பழைய வடிவங்களை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று முதலிலேயே எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. தடுமாறினால் அந்த எழுத்துகளுக்கு மட்டும் புது வடிவத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அச்செழுத்தாக மாற்றும் வசதியே வேண்டாம். கருவி தப்பைத் தானாகத் திருத்திவிடும். ‘அமமா’ என்று எழுதினாலும் ‘அம்மா’ என்று காட்டிவிடும். குழந்தைக்குத் தான் புள்ளியை விட்டது தெரியாது. எழுதியதை எழுதியபடியே வைத்திருக்கும் சாதாரண நோட்டுச் செயலி போதும். தேதி போட்டுச் சேமித்து வைத்தால் மூன்று மாதத்தில் கை தேறியதைப் பாட்டியும் பேத்தியும் புரட்டிப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை வெளியூரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பவும் செய்யலாம். இன்று அவருக்குப் போகும் செய்திகளில் எத்தனை ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

மார்டள்ளியின் எல்லைக்கோட்டைத் தீர்மானித்தது கமிஷன்களும் சட்டங்களும். அந்த ஊர்ப் பிள்ளை பள்ளியில் என்ன மொழி படிக்க வேண்டும் என்பதையும் எங்கோ உள்ளவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். மாலையில் வீட்டில் அரை மணி நேரம் அது தமிழில் தன் பெயரை எழுதிப் பழகுமா என்பது மட்டும் அந்த வீட்டின் கையில் இருக்கிறது. அதற்குப் பேனா வாங்குகிறவர்கள் டேப்லெட்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகட்டும், பத்து முறை ‘ம்’ எழுதிப் பார்க்கட்டும். பத்துப் புள்ளியும் விழுந்த பிறகு பணத்தைக் கொடுத்தால் போதும்.